தண்ணீராய்ப் போன கஞ்சி

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது கேள்விப்பட்டு, பஸ் ஏறி மரக்காணம் வந்து, "என் பேர போட உனக்கு யாருடி பர்மிஷன் குட்த்தது" என்று தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கேட்பாள். உப்பளத்தில் எங்கள் செட்டில் இருந்த பெண்கள் எல்லோருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் அக்காதான். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரே ஒரு ஆளைக் கை காட்ட முடியவில்லை. அக்கா மேலும் கோபம் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

அளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி ஓரமாகக் குவிப்பார்கள். நாங்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பு மேலேயே நடந்து போய், லாரி வந்து நிற்கிற இடத்தில் அம்பாரமாகக் கொட்டுவோம். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கிக்கொண்டே இருக்கும். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெயில் ஏறும் வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். வரிசையில் முதல் ஆள் எப்போதும் அக்கா. தலையில் அவ்வளவு பாரம் இருக்கும்போதே அவளுக்கு வாய் ஓயாது. லாரிக்காரனைத் திட்டுவாள், வெயிலைத் திட்டுவாள், மெதுவாக நடக்கிறேன் என்று என்னைத் திட்டுவாள்.

வெறும் வாய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் வாயால்தான் எங்களுக்கு எல்லாமே கிடைத்தது. காலையில் ஆண்களுக்கு மட்டும் டீ வரும், எங்களுக்கு வராது. ஒரு நாள் அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு டீ எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டாள். மறுநாளிலிருந்து எங்களுக்கும் டீ வந்தது. உட்கார்ந்து சாப்பிட நிழல் இல்லாமல் இருந்தது. கேட்டாள், நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். செட்டில் ஒருத்திக்குப் பலகையின் தகடு பட்டுப் பாதம் கிழிந்தபோது, மேஸ்திரியின் பைக் சாவியை அவன் கையில் திணித்து, அவனையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போக வைத்தாள். எங்களில் யாராவது தயங்கினால் அவள் சொல்வது ஒன்றுதான். "கேட்டா இன்னாடி, தலையவா எடுத்துடுவான்?"

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்கவில்லை.

அளத்தின் கடைசியில் ஒரு வேலிகாத்தான் புதர் இருந்தது. பெரிய புதர். எங்களுக்கு ஒதுங்க இருந்த இடம் அது ஒன்றுதான். மூன்று பேராகப் போவோம். இரண்டு பேர் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வழியைப் பார்த்து நிற்பார்கள். லாரி உள்ளே வரை வர வழி வேண்டும் என்று முதலாளி ஒரு நாள் ஜேசிபி கொண்டு வந்து அந்தப் புதரை வேரோடு வழித்துப் போட்டுவிட்டார். அன்றைக்கே ரோடு போட்டாகிவிட்டது. உப்பளம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரமில்லை, மறைவில்லை, ஒரு காக்கா உட்கார்ந்தாலும் ஈசிஆர் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியும். அளத்து ஆபீஸ் ரூமை ஒட்டி ஒரு பாத்ரூம் இருக்கிறதுதான். முதலாளி வந்தால் போவதற்கு. மற்ற நேரம் பூட்டியிருக்கும்.

ஜேசிபி வந்த அன்று அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கஞ்சித் தூக்கில் புழுதி விழுகிறது என்று ஜேசிபி ஓட்டியவனைத் திட்டினாள். அதோடு சரி.

அதற்கப்புறம் நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். ஒருத்திக்கு ஒருத்தி பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. தானாகவே நின்றது. பாட்டிலில் தண்ணீர் நிறைய வரும், குறையாமலே வீட்டுக்குப் போகும். கஞ்சியில்கூட மேலாக நிற்கிற தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் இரண்டு வாய் பிசைந்து சாப்பிடுவோம். அந்த வெயிலில், அந்த உப்புக்கு நடுவில். எல்லோருக்கும் நீர்க்கடுப்பு. அதையும் யாரும் பேச மாட்டார்கள். மதியம் வீட்டுக்குப் போனதும் கூடையை வாசலில் எறிந்துவிட்டுக் கக்கூஸுக்கு ஓடுவோம்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு வளைத்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கேட்டால் கேஸ் என்றாள். அவள் மகள் அப்போது தினமும் பஸ்ஸில் திண்டிவனம் போய்க் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் படுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவர். அக்கா கூடையை இறக்கிவிட்டால் அதை அந்தப் பெண்தான் எடுத்துத் தூக்க வேண்டும். அந்தப் பயம் ஒன்றுதான் அக்காவுக்கு இருந்தது. "எம் பொண்ணு தலைல இந்தக் கூட ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்பாள். வலி வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

ஒரு நாள் வரப்பில் அப்படியே குந்திவிட்டாள். மறுநாள் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, கணையத்தில் கல் இருக்கிறது, ரொம்ப நாளாகப் புண்ணாகிக் கிடக்கிறது என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நல்ல மாதிரி. வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் போலிருக்கிறது, "குடிப்பழக்கம் இருக்காங்க?" என்று அக்காவைக் கேட்டுவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"குடிக்கிறது அந்த ஆளு, வியாதி எனக்கா?" என்று அக்கா தொடங்கியதில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கிச் சொல்லிச் சமாதானப்படுத்தியது. அடுத்த கேள்வி, வெளிக்குப் போனால் எண்ணெய் மாதிரி மிதக்கிறதா என்று. இதற்கு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கடைசியில், அவள் மகள் சொல்லித் தெரிந்திருந்த நான்தான் ஆமாம் என்றேன். இதைப் பேச இவளுக்கு வாய் வராது என்று அங்கேயே எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

சோறு செரிக்கக் கணையம் சுரக்க வேண்டிய நீர் இவளுக்குச் சரியாகச் சுரக்கவில்லை, அந்த வேலையை இந்த கேப்சூல் செய்யும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. எப்போது சாப்பிட்டாலும் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. முழுசாக விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது, வாயில் தங்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆரம்பத்தில் வயிறு பிடிக்கலாம், இளகிப் போகலாம், சிலருக்குக் கட்டிக்கொள்ளும், பயப்படாதீங்க, பழகிவிடும், ரொம்பத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்க, அளவை மாற்றித் தருகிறேன் என்றது. "தண்ணி குடிப்பீங்கல்ல?" என்று கேட்டதற்கு அக்கா "குடிப்பேங்க" என்றாள். என்ன தைரியமாகப் பொய் சொன்னாள். வேலை செய்கிற இடத்தில் பாத்ரூம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வளர்ந்து வந்த உலகத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

ஒரு வாரம் போயிருக்கும். அக்கா தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். காலையில் கெட்டியாகக் கரைத்து எடுத்துவந்த கஞ்சி தண்ணீராக இருந்தது. புளிக்கவில்லை, கெட்டுப்போகவில்லை, வாடை எதுவும் இல்லை. சும்மா தண்ணீர். அடியில் கொஞ்சம் பருக்கை. மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும். மகளுக்குக் கஞ்சி வைக்கத் தெரியவில்லை என்று அவளைத் திட்டினாள். பிறகு ரேஷன் அரிசிதான் காரணம் என்று முடிவு கட்டி, தூக்கோடு ரேஷன் கடைக்கே போய்விட்டாள். அரிசியில் என்னத்தைக் கலக்கிறீர்கள் என்று கேட்டு, கடைக்காரன் முகத்துக்கு நேராகத் தூக்கைச் சாய்த்துக் காட்டியிருக்கிறாள். அவன் பாவம், எல்லோரும் அதே அரிசிதான் வாங்கிப் போகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனான். கடையை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டதாகக் கேள்வி.

எனக்குத்தான் சந்தேகம் வந்தது. கஞ்சியில் எதையாவது போட்டாயா என்று கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த மாத்தரதான். ஒடச்சி, உள்ள இருக்கறத நசுக்கி, வூட்லயே கலந்து எடுத்தாந்துடுவேன். எப்டியும் கஞ்சியோடதான உள்ள போவணும்."

செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டது. வயிற்றுக்குள் போய்ச் செய்ய வேண்டிய வேலையை மருந்து தூக்குக்குள்ளேயே செய்து முடித்துவிட்டது என்றது. சோறு பாத்திரத்திலேயே செரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஏன் முழுசாக விழுங்கவில்லை என்று டாக்டர் கேட்டபோது தொண்டையில் நிற்கிறது என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது நான் விடாமல் கேட்ட பிறகுதான் மீதியைச் சொன்னாள். அவ்வளவு பெரிய கேப்சூல் இறங்க ஒரு சொம்பு தண்ணீராவது வேண்டும். ஒரு சொம்பு குடித்தால் எங்கே போவது? எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றது.

நசுக்கின மருந்து அதோடு விடவில்லை. வாயில் பட்டுப் பட்டு உதடு, ஈறு, நாக்கு என்று எல்லா இடமும் புண். அந்த வாயோடு உப்பளத்துக்கு வந்தாள். காற்று அடித்தால் உப்புத் தூசி பறக்கும் இடம் அது. வாயைத் திறந்தால் எரியும், மூடினாலும் எரியும். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு கூடை சுமந்தாள். திட்டுவதற்குக்கூடத் திறக்க முடியவில்லை. லாரிக்காரர்கள் இஷ்டத்துக்கு அதட்டினார்கள். டீ வரவில்லை, ஒருத்தியும் கேட்கவில்லை. மேஸ்திரி பல் குத்திக்கொண்டே, இப்போதுதான் அளம் அளம் மாதிரி இருக்கிறது என்றான். அவன் வாயில் ஒரு பிடி உப்பை அள்ளித் திணிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

வாய்ப்புண் ஆறிய பிறகு என் கண் முன்னாலேயே முழு கேப்சூலை விழுங்க வைத்தேன். தண்ணீரையும் குடிக்க வைத்தேன். மருந்து அதன் வேலையைக் காட்டியது. டாக்டர் சொன்ன மாதிரியே வயிறு பிடித்தது, இளகியது. வீட்டில் இருந்தால் ஒன்றுமில்லை, போய்விட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் இருந்தது நடு வரப்பில், தலையில் கூடையோடு.

கூடையை அப்படியே போட்டுவிட்டாள். அவள் கூடையைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை. ஓடுவதற்கு ஒரு பக்கமும் இல்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் சேலையை விரித்துப் பிடித்து அவளைச் சுற்றி நின்றோம். காற்று சேலையைத் தூக்கியது. அம்பாரத்தின் மேல் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். பெற்ற தாய், பெண்டாட்டி எல்லாம் வீட்டில் இருக்கிறவன்தான். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மரக்காணம் மார்க்கெட்டில் இன்றைக்கும் பார்க்கிறேன், ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்றிலிருந்து அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பகலில் சாப்பிடுவதில்லை. கேப்சூலை சாப்பாட்டோடுதானே போட வேண்டும், சாப்பாடே இல்லை என்றால் கேப்சூலும் இல்லை, தொந்தரவும் இல்லை. ராத்திரி ஒரு வேளை சோறு, ஒரு கேப்சூல். கேட்பவர்களிடம் விரதம் என்றாள். அளத்து வேலைக்கு ஒரு வேளைச் சோறு எப்படித் தாங்கும்? தோள் எலும்பு சட்டைக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. மருந்து ஒத்துக்கொள்ள ஆரம்பத்தில் கொஞ்ச நாள் ஆகும், பகலில் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நிற்க மாட்டார் என்று அடுத்த செக்கப்பில் டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னது. அந்தக் கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அக்காவிடம் சொன்னால், சீசன் நடுவில் விட்டால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிடுவான் என்றாள். அதுவும் உண்மைதான்.

ஆகக் கூடி வேண்டியிருந்தது ஒரு சாவி. ஆபீஸ் ரூம் பாத்ரூம் சாவி.

"நீ கேளு" என்றேன். மாட்டேன் என்றாள். டீ கேட்ட வாய்தானே, பந்தல் கேட்ட வாய்தானே என்று எவ்வளவோ சொன்னேன். ஆம்பளைங்ககிட்ட போய் இதைக் கேட்பாங்களா என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, கேட்டா தலையவா எடுத்துடுவான்?" என்று அவள் பாட்டையே அவளுக்குப் பாடினேன். அக்கா என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை முதலாளி வந்திருந்தார். எல்லோரும் கூடி நின்ற நேரம். நானே கேட்டேன். பெண்களுக்குப் போக இடமில்லை, அந்த பாத்ரூமைத் திறந்துவிடுங்க என்றேன். இத்தனை வருஷம் எங்கே போனீர்கள், இப்போது மட்டும் என்ன புதுசாக என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பேச வைத்தது. இந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அத்தனை தலையும் அக்கா பக்கம் திரும்பியது. எங்கள் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா என்னைத் தேடிவந்து எதிரில் நின்றாள்.

"அத்தன பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேடி. உன்ன யாருடி கேக்கச் சொன்னது?"

"நீ கேக்கல, அதான் நான் கேட்டேன்" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் கேட்டிருக்க வேண்டும். லாரிக்காரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்கத் தெரிந்தவளுக்கு, மூத்திரம் வருகிறது என்று சொல்ல வாய் வராமல் பண்ணி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி இரண்டே நாளில் வேறு ஆளைப் போட்டான்.

பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் கூட்டுகிற வேலைக்குப் போகிறாள், அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள் என்று அவள் மகள் சொல்லித்தான் தெரியும். சம்பளம் அளத்தைவிடக் குறைச்சல். ஆனாலும் மகள் காலேஜை விடவில்லை. சீசன் முடிகிற சமயத்தில் ஒரு நாள், காலை வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே பஸ் ஏறிப் போனேன். பேசுவாளா மாட்டாளா என்று பயம்தான்.

முந்திரித் தோப்புக்குள் இருந்தது அந்த இடம். வாசலில் அமைதி காக்கவும் என்று போர்டு. உள்ளே வெள்ளைக்காரர்கள் தியானம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா துடைப்பத்தோடு வந்தாள். எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஜாக்கெட் இறுக்கமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எப்போதும் போல் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டி, பின்பக்கம் வா என்று சைகை செய்தாள்.

பின்கட்டில் ரகசியம் பேசுகிற குரலில்தான் எல்லாம் சொன்னாள். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். முதல் வாயோடு ஒரு கேப்சூல், சாப்பாட்டு நடுவில் ஒன்று. விழுங்கி முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுகிறாள். முதலில் வயிறு ஓடத்தான் செய்ததாம். ஓடினால் ஓடிப்போய் வந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டியிருக்கிறாள். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. டாக்டர் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. போவதற்கு ஒரு கதவு மட்டும் வேண்டியிருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

சத்தம் போட்டுப் பேசக் கூடாதா என்று கேட்டேன். கூடாது என்றாள். முதல் வாரமே இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம். "வாய மூடிக்கினேன், வயிறு பொழச்சிது" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளத்தில் அந்தக் குரலைக் கேட்டு லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்துவான். அதை இங்கே கொண்டுவந்து அடைத்துவைத்துவிட்டு, கூலியையும் குறைத்து வாங்கிக்கொண்டு, இதற்கு ஒரு பொம்பளை சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது. எங்கேயோ போய்ப் பிச்சை வாங்குகிற மாதிரி ஒரு கக்கூஸ் வாங்கியிருக்கிறாள்.

ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். இன்னொன்று கொடுத்தாள். அதையும் குடித்தேன். பிறகு ஒன்றும் கேட்காமல், மூலையில் இருந்த வேலைக்காரர்கள் பாத்ரூமைத் திறந்துவிட்டு, "போய்ட்டு வா" என்றாள். விடிகாலையிலிருந்து நான் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். குழாயில் தண்ணீர் வந்தது. வெளியே அவள் காவல் நிற்கிற நிழல் கதவுக்கு அடியில் தெரிந்தது. அங்கே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மறுநாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அளத்தில் என் பாட்டிலையும் காலி பண்ணினேன். செட்டுப் பெண்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. முதலாளியும் இருந்தார். நேரம் வந்தபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்று சாவி கேட்டேன். அக்கா பெயரை எடுக்கவில்லை, எந்த வியாதியையும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுக்கு வருகிறது, சாவி கொடுங்க என்றேன். என் பின்னால் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் பெண்கள். அன்றைக்குத் தரையைப் பார்த்தவர்கள்தான்.

முதலாளி லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் போட்டார். சண்டை இல்லை, பேச்சு இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சாவி இத்தனை நாளும் அந்தப் பையிலேயே இருந்திருக்கிறது.

மதியம் வரப்பில் நின்றுகொண்டே அக்காவுக்கு போன் போட்டேன். சாவி கிடைத்துவிட்டது என்றேன். மெல்லிய குரலில், "தண்ணி வருதாடி உள்ள?" என்றாள்.

"வருதுக்கா. நீ வந்துடேன்" என்றேன்.

"என் எடத்துலதான் ஆள் போட்டுட்டானே" என்றாள்.

ஆமாம், போட்டுவிட்டான். புதிதாக வந்தவள் அப்போதுதான் கூடையோடு என்னைத் தாண்டிப் போனாள். அவளைப் போகச் சொல்ல என்னால் முடியுமா? போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. திட்ட ஆரம்பித்தாள். பக்கத்து ரூமில் யாரோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்திருப்பார்கள், அதனால் மூச்சுக் காற்றிலேயே திட்டினாள். முதலாளியில் தொடங்கி, மேஸ்திரி, ஜேசிபிக்காரன், விசிலடித்தவன், சிரித்தவர்கள் என்று ஒருத்தரையும் விடவில்லை. நடுவில் என்னையும் திட்டினாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒரு லாரி நிறைந்து கிளம்பி, அடுத்த லாரி வந்து நிற்கும் வரை திட்டினாள், அத்தனையும் சத்தமே இல்லாமல். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டேன்.